திறப்பு விழாவுக்கு முன்னால் ஒரு தடவை வாருங்கள்

காரைக்குடிக் கடைவீதிப் பெரியவர்களுக்கு வணக்கம்.

புதுக்கடை திறப்பு என்றால் நீங்கள் தவறாமல் வருகிறீர்கள். ஒரு கம்பெனியின் பெயரில் கிளை நடத்தும் உரிமையை, அதாவது ஃப்ரான்சைஸை, எடுத்து நான் வைத்த டீக்கடைக்கும் வந்தீர்கள். சால்வை போட்டு, முதல் டீயை நூறு ரூபாய் கொடுத்துக் குடித்தீர்கள். பதினான்காம் மாதம் ஷட்டரை இறக்கிவிட்டேன். உங்களைக் குறை சொல்லவில்லை. ஃப்ரான்சைஸ் எடுக்கப்போகிற அடுத்த பையனிடம் கையெழுத்துக்கு முன்னாலேயே பேசுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

கம்பெனிக்காரர் காட்டிய தாளில் நாளைக்கு முந்நூறு பில் என்று இருந்தது. அது சென்னைக் கணக்கு, செக்காலை ரோட்டுக் கணக்கு இல்லை. நான் திறந்தது தை மாதம். கல்யாணம், காதுகுத்து, வெளியூரிலிருந்து வந்த நகரத்தார் குடும்பங்கள் என்று கூட்டம் நின்றதில் தாளை நம்பிவிட்டேன். மே மாதம் பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஊருக்குப் போனார்கள், சாயங்கால வியாபாரம் படுத்தது. ஆடியில் முகூர்த்தமே கிடையாது. கையிலிருந்த பணத்தையெல்லாம் கடைக்குள் போட்டிருந்தேன். இந்த மாதங்களின் வாடகைக்கும் சம்பளத்துக்கும் ஒன்றும் எடுத்து வைக்கவில்லை.

கம்பெனிக்குக் கட்டும் ராயல்டி என்றால் லாபத்தில் பங்கு என்றே நினைத்திருந்தேன். விற்பனையில் பங்காம். மூன்று லட்சம் விற்றால் 6 சதவீதம் 18,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3,240. டீக்கும் பலகாரத்துக்கும் நாம் போடுகிற 5 சதவீத ஜிஎஸ்டியில், நாம் கட்டிய வரியைக் கழிக்க அனுமதி இல்லை; அதனால் அந்த 3,240-ஐ எங்கேயும் கழிக்க முடியாது. நட்டத்தில் ஓடினாலும் 21,240 கட்டியாக வேண்டும். இதை ஆடிட்டரிடம் கேட்டது எப்போது? கடை திறந்த மூன்றாம் மாதம்!

அப்புறம் அந்தத் தரை. நான் பிடித்த இடத்தில் அருமையான ஆத்தங்குடிக் கல். எல்லாக் கிளையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று அதன்மேல் மரக்கலர் விரிப்பை ஒட்டினார்கள். ஒட்டியது அவர்கள் சொன்ன ஆள், பணம் என்னுடையது. காலி செய்யும்போது பசையைச் சுரண்டக் கூலி கொடுத்ததும் நான்தான்.

நகரத்தார் பர்மாவில் வட்டிக்கடை வைத்த காலத்தில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையன், உதவியாளான அடுத்தாள் என்று ஏறித்தான் ஒருவன் கடையை நடத்தும் மேலாளாக உட்கார்ந்தான். ஐந்தொகை, அதாவது கடையின் சொத்து, கடன் கணக்கு, பார்க்காமல் முதலாளி அவனை விட்டதும் இல்லை. எனக்குக் கிடைத்தது ஐந்து நாள் பயிற்சி, அதுவும் டீ போட.

நம் நாட்டில் ஃப்ரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை, 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம்தான். அமெரிக்காவில் கையெழுத்துக்கு 14 நாள் முன்பே கம்பெனி தன் விவரங்களை எழுதிக் கொடுத்தாக வேண்டும். இங்கே நாமாகக் கேட்டால்தான் உண்டு. மூடிய கிளை எத்தனை, பக்கத்துத் தேவகோட்டையில் இன்னொருவருக்குக் கொடுப்பீர்களா, நடுவில் விலகினால் டெபாசிட் வருமா என்று கேட்கச் சொல்லுங்கள். நம் அளவு ஊரில் கிளை நடத்துகிறவரின் நம்பரையும் வாங்கச் சொல்லுங்கள். எனக்குக் கொடுத்த இரண்டு நம்பரும் கோயம்புத்தூர்.

இப்போது கல்லூரிப் பக்கம் ஒரு தம்பி கடைக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறான். ஒப்பந்தம் இன்னும் ஆகவில்லை. என் பதினான்கு மாதப் பேரேட்டை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனைப் பார்க்கப் போகிறேன். உங்களில் இரண்டு பேர் கூட வந்தால் நல்லது.

இப்படிக்கு,
செக்காலை ரோட்டில் டீக்கடை வைத்திருந்தவன்