கடைசித் தெருவுக்குத் தண்ணீர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல்.

"கிராம சபைக்குப் போய் என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டிருந்தாய். பல வருஷம் நானும் அப்படித்தான் நினைத்து வீட்டிலேயே இருந்தேன். போன அக்டோபர் 2 அன்றுதான் முதல் தடவையாகப் போனேன்.

உட்கார்ந்ததுமே பதிவேடு கைக்கு வந்தது. ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து 50 முதல் 300 பேர் வரை வந்தால்தான் கூட்டம் செல்லும் அல்லவா, அந்தக் கையெழுத்துக்குத்தான் அவ்வளவு அவசரம். கடைசித் தெருவுக்குப் பேவர் பிளாக் பதிக்கும் வேலையை வாசித்தார்கள். அந்தத் தெரு அக்கா ஒருவர் எழுந்தார். "ரோடு அப்புறம் போடுங்க. தொட்டித் தண்ணி எங்க வீட்டு வரைக்கும் ஏறவே மாட்டேங்குது. முதல்ல குழாயை மாத்துங்க, இல்லேன்னா போட்ட கல்லை மறுபடி பேர்க்கணும்" என்றார். மதிப்பீடு போட்டவர்களுக்கு இது தோன்றவே இல்லை. தினமும் குடம் தூக்குகிறவருக்குத் தெரிந்திருக்கிறது. குழாய்தான் முதலில் என்று தீர்மானம் எழுதினார்கள். அதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அந்த அக்கா கையெழுத்துப் போட்டார். எனக்கு அது பெரிய பாடம்.

நவம்பர் 1 கூட்டத்தில் கேட்டோம். மதிப்பீடு தயாராகிறது என்றார்கள். ஜனவரி 26 அன்றும் அதே பதில். இந்த முறை விடவில்லை. அந்தப் பதிலையும் நடவடிக்கைக் குறிப்பில் எழுத வைத்தோம், தீர்மான நகலும் எழுதிக் கேட்டிருக்கிறோம். தீர்மானத்தோடு நம் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறோம் பார், அங்கேதான் எல்லாம் கோட்டைவிடுகிறோம் என்று நினைக்கிறேன்.

நீ இருக்கும் கேரளத்தில் ஒவ்வொரு வார்டும் ஒரு கிராம சபை. இங்கே ஊராட்சி முழுவதற்கும் ஒன்றுதான். அத்தனை பேர் நடுவில் எழுந்து பேச எத்தனை பெண்களுக்குத் துணிச்சல் வரும், சொல்லு? 1996-இல் ஊர்த் திட்டத்தை மக்களே போடும் 'மக்கள் திட்டம்' தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை அங்கே உள்ளாட்சிகளுக்கென்று ஒதுக்கினார்கள். பேசுகிற பேச்சுக்குப் பின்னால் பணம் இருந்தது. நமக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி இன்ன வேலைக்கு என்று எழுதியே வருகிறது. அது மாறாமல், வருஷத்துக்கு ஆறு என்று நடக்கும் கூட்டம் அறுபது ஆனாலும் போதாது. உன் வார்டு சபை எப்படி நடக்கிறது என்று ஒரு தடவை போய்ப் பார்த்து எழுது.

அடுத்த கூட்டம் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். குழாய் பற்றி மறுபடி கேட்கப் போகிறோம். முடிந்தால் வா. அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தப்படி வாக்காளர் பட்டியலில் இருக்கும் எல்லோரும்தான் கிராம சபை. உன் பெயர் இன்னும் இங்கேதான் இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

அன்புடன்,
உன் நண்பன்