எட்டாவது மாடியில் முண்டு மிளகாய்

கோலாலம்பூர், செந்தூல்
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை முருகேசன் சித்திரைக் கடைசியில் என் கையில் கொடுத்தான். இப்போது ஆடி. நீ விரல் விட்டு எண்ணித் திட்டுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், எண்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. போனில் பேசினால் பாதியில் அண்ணன் பிடுங்கிக்கொள்கிறான், அதனால்தான் எழுதுகிறேன் என்று எழுதியிருந்தாய். எனக்கும் அதே காரணம்தான். ஆனால் பேனாவைத் திறக்கும்போதெல்லாம் நிலத்தை விற்பதைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியாமல் மூடி வைத்துவிட்டேன். அந்தப் பேச்சைப் பிறகு எடுக்கிறேன். முதலில் நீ கொடுத்தனுப்பிய முண்டு மிளகாய் வற்றல் என்ன ஆனது என்று கேள்.

பொட்டலத்தைப் பிரித்ததும் அறை முழுக்க நம் களத்து வாசனை. இங்கே மிளகாய்க்குப் பஞ்சமில்லை. சுண்டுவிரல் நீளத்துக்கு ஊசி மிளகாய் ஒன்று உண்டு, சிலி பாடி என்பார்கள், கடித்தால் காது அடைக்கும். ஆனால் காரம் மட்டும்தான் இருக்கிறது, மணம் என்று ஒன்றுமில்லை. நான் வேலை செய்யும் கடைக்கு மூட்டையில் வருவது நீட்டு மிளகாய், நம் முண்டுபோல் உருண்டையில்லை, நிறத்துக்காக வாங்குகிறார்கள். உன் முண்டில் நான்கைக் கிள்ளிப் போட்டுப் புளிக்குழம்பு வைத்தேன். என்னோடு அறையில் இருக்கும் கடலாடிப் பையன் மூன்று முறை சோறு வாங்கினான், ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் மீதியைச் சமைக்க எனக்கு மனம் வரவில்லை. பத்துப் பழத்தைப் பிய்த்து விதையை எடுத்தேன்.

அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டு, சிரிப்பார். கரிசலில் மழை விழுந்ததும் நேரே விதையைத் தூவிவிட்டு வானத்தைப் பார்த்து உட்காருகிறவர் மகன், எட்டாவது மாடியில் தேநீர்க் கோப்பைக்குள் மிளகாய் நாற்று வளர்க்கிறான். எங்கள் அறைக்கு இருக்கும் ஒரே ஜன்னல் நடைவழியைப் பார்த்தது. வெயில் என்பதை நான் வேலைக்குப் போகும் கொமுட்டர் ரயிலின் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறேன். அதனால் விளக்கு வெளிச்சத்தில் வளர்த்தாக வேண்டும். திருவாடானை அண்ணன் ஊருக்குப் போய்விட்டார், அவருக்குப் பதிலாகக் கடையில் இன்னும் ஆள் எடுக்கவில்லை. அவர் படுத்த கீழ்க்கட்டில் காலியாகத்தான் கிடக்கிறது. அதுதான் என் தோட்டம்.

முதல் முறை மொத்தமும் போயிற்று. கீழே பூச்செடிப் பாத்தியிலிருந்து மண் அள்ளி வந்து முட்டை அட்டையில் நிரப்பி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். முளைத்தது. ஐந்தாம் நாள் பார்த்தால் ஒவ்வொன்றும் மண்ணோடு ஒட்டிய இடத்தில் நூல்போல் இளைத்துப் படுத்துவிட்டது. நாற்றழுகல். ஈரம் காயாத மண்ணில் பூஞ்சை ஏறி அடித்தண்டைத் தின்றுவிடுகிறது. 'மிளகாய்க்குத் தண்ணீர் காட்டிக் கெடுக்காதே' என்று அப்பா சொல்வாரே, அதை அறையைத் தாண்டி வெளியே போகாத ஈரத்தில்தான் புரிந்துகொண்டேன்.

இரண்டாவது முறை மண்ணே வேண்டாம் என்று தென்னை நார்க்கழிவுக் கட்டி ஒன்று வாங்கினேன். செங்கல் அளவுதான், 650 கிராம். வாளியில் தண்ணீர் ஊற்றினால் எட்டு லிட்டருக்கு மேல் உப்பி நிற்கிறது. அதில் இரவுச் சந்தையில் கிடைக்கும் கருக்கிய உமியைக் கலந்தேன். தண்ணீர் தேங்காது, வேருக்குக் காற்றும் கிடைக்கும். அழுகல் நின்றது. ஆனால் டியூப் விளக்கை மேல்கட்டில் சட்டத்தோடு சேர்த்து உயரத்தில் கட்டிவிட்டேன். நாற்றெல்லாம் வெளிச்சத்தைத் தேடிச் சேமியாபோல் நீண்டு, நான்கு நாளில் தலை கனத்துச் சாய்ந்தது.

இப்போது இருப்பது மூன்றாவது ஈடு. விதையை வெந்நீர் ஆறிய பிறகு ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்தாளில் சுருட்டி, டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தேன். அங்கே சுகமான சூடு இருக்கும். ஒன்பதாம் நாள் வெள்ளை முனை தலைகாட்டியது. 40 விதையில் முளைத்தது 14. களத்தில் அத்தனை வெயிலில் காய்ந்த வற்றல், இவ்வளவு முளைத்ததே அதிகம். கடையில் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் கோப்பைகளின் அடியில் சுட்ட ஆணியால் மூன்று ஓட்டை. விளக்கு 18 வாட் வெள்ளை டியூப். கயிற்றில் கட்டியிருப்பதால் செடி வளர வளர ஏற்றலாம். உச்சிக்கும் விளக்குக்கும் அரைச்சாண் இடைவெளி. காலை ஐந்து மணிக்குப் போட்டால் இரவு ஒன்பதுக்கு அணைப்பேன். 16 மணி நேரம் எரிந்தாலும் மாதம் ஒன்பது யூனிட்டுக்குள்தான் வருகிறது. கடலாடிப் பையன் சந்தேகப்பட்டு மீட்டரையே போய்ப் பார்த்தான். வெளிச்சம் சிதறாமலிருக்கச் சுற்றிலும் அலுமினியத் தாள். தண்ணீரை மேலே ஊற்றுவதே இல்லை. தட்டில் தண்ணீர் விட்டுக் கோப்பைகளை இருபது நிமிடம் நிறுத்தி எடுத்தால் அடியிலிருந்து தானே குடித்துக்கொள்ளும். அடுத்தது எப்போது என்றால், கோப்பையைத் தூக்கிப் பார்த்து இலேசாக இருக்கும்போது. முதலில் வரும் இரண்டு வித்திலையும் விதையில் இருக்கிற சத்தில் வருபவை. அதுவரை உரமே வேண்டியதில்லை. நிஜ இலை வந்த பிறகு, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு மட்டும். தினமும் காலையில் உள்ளங்கையால் நாற்றுகளின் தலையை இப்படியும் அப்படியும் தடவிக்கொடுக்கிறேன். காற்றில் ஆடினால்தான் தண்டு தடிக்கும். இங்கே காற்று நான்தான். எல்லாம் சேர்த்து 38 வெள்ளி. இங்கே நம் ஆட்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். அதை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதே.

இந்த விளக்கால் ஒரு கூத்து நடந்தது. எதிர் வீட்டில் ஒரு சீனப் பெரியவர் தனியாக இருக்கிறார். எல்லோரும் அங்கிள் என்பார்கள். நாள் முழுக்க கையில்லாத பனியனோடு நடைவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று பார்ப்பதே வேலை. விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே எங்கள் ஜன்னல் இடுக்கில் வெள்ளை வெளிச்சமும் அலுமினியத் தாளின் பளபளப்பும் தெரிய, அவர் கீழே போய் நேப்பாளக் காவலாளியிடம் சொல்லிவிட்டார். மலாயிலும் கஞ்சாவுக்குக் கஞ்சா என்றுதான் பெயர், அதனால் காவலாளி கதவைத் தட்டிக் கேட்டபோது எனக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. அக்கா, சிரிக்கிற விஷயமில்லை. கனடாவில் 2018 முதல் சட்டமே அனுமதிக்கிறது, அறைக்குள் விளக்குப் போட்டு வளர்க்கிறார்கள். பக்கத்துத் தாய்லாந்தில் 2022-இல் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். இங்கே 200 கிராம் கையில் இருந்தாலே கடத்தல் என்று எடுத்துக்கொள்வார்கள். கட்டாயத் தூக்கை 2023-இல் நீக்கினார்களே தவிர, தூக்கு இன்னும் சட்டத்தில் இருக்கிறது. வேலை பெர்மிட்டில் இருக்கிறவன் பெயர் அந்தப் பேச்சில் அடிபட்டாலே போதும்.

நான் இரண்டு பேரையும் உள்ளே கூட்டிவந்து காட்டினேன். அங்கிள் குனிந்து, ஓர் இலையின் ஓரத்தை நகத்தால் கிள்ளி முகர்ந்து பார்த்து, 'சிலி' என்றார். முகத்தில் அப்பட்டமான ஏமாற்றம். மறுநாள் காலை சந்தையில் மீன் வந்த தெர்மோகோல் பெட்டி ஒன்றைக் கழுவி வாசலில் வைத்திருந்தார், பெரிதானதும் இதில் மாற்று என்று சைகை. அன்றிலிருந்து தினமும் ஆய்வுக்கு வருகிறார். நம் முண்டுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை என் அரைகுறை மலாயில் சொன்னேன். ராஜா வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் நாற்றைப் பார்த்தார். இறந்தவர்களுக்காக அவர் காகிதப் பணத்தைத் தகரத்தில் போட்டு எரிப்பார். அனுப்பியது அந்தக் கணமே போய்ச் சேர்ந்துவிடுமாம்.

பணம் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த மாதம் அனுப்புவது கொஞ்சம் தள்ளிப்போகும். ஒன்றும் பயப்படாதே. கடையில் பின்கட்டுச் சீரமைப்பு நடக்கிறது, வாரத்தில் இரண்டு நாள் அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு வகையில் நல்லது, தூங்க நேரம் கிடைக்கிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. கடை திறந்திருக்கும் நாளில் மூன்று வேளையும் அங்கேயே. அம்மா போனில் விரலைக் காட்டச் சொன்னாளாமே, மோதிரம் எங்கே என்று. இந்தப் புழுக்கத்தில் விரல் வீங்குகிறது, கழற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

விதை எடுத்த அன்று இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் படுத்தேன். பாதித் தூக்கத்தில் கண்ணைத் தேய்த்துவிட்டேன். எழுந்து குளியலறைக்கு ஓடிக் குழாயடியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றால், எனக்கு ஏழு வயது. களத்தில் காய் பொறுக்கிவிட்டு இரவெல்லாம் கை எரிகிறது என்று நாம் இருவரும் கத்துவோமே, அம்மா சட்டியோடு மோரைக் கொண்டுவந்து நம் நான்கு கையையும் அதற்குள் முக்கி வைப்பாளே, அந்த மோருக்காக இங்கே அடுப்படியைத் துழாவினேன். பெட்டியில் இருந்தது கடலாடிப் பையனின் ஸ்ட்ராபெரி தயிர் ஒரு புட்டி. அதில்தான் கையை விட்டேன், அக்கா. ரோஜா நிறத்தில் சொட்டச் சொட்ட, விளக்குப் போடாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இங்கே மணி மூன்று, அங்கே பன்னிரண்டரை. நீங்கள் எல்லோரும் தூங்கியிருப்பீர்கள். அம்மா மட்டும் கால்வலியில் எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது. அந்த நேரத்தில் நான் போன் செய்திருந்தால் என்னமோ ஏதோ என்று பயந்திருப்பாள்.

சரி, நிலத்துக்கு வருகிறேன். அண்ணன் பவர் பத்திரத்துக்கு மாதிரி அனுப்பியிருந்தான், இங்கே இந்தியத் தூதரகத்தில் கையொப்பமிட்டுச் சான்று வாங்கி அனுப்பு என்று. நான் போகவில்லை. போக மாட்டேன். கமுதிப் பக்கம் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்ததிலிருந்து தெருவுக்கு ஒரு தரகர் முளைத்திருப்பது எனக்கும் தெரியும். கருப்பையா சொல்லும் விலை நல்ல விலையாகவே இருக்கட்டும். மூன்று ஏக்கரையும் ஒரே மூச்சில் விற்று அத்தானின் கடனையும் அண்ணனின் டிராக்டர் தவணையையும் அடைத்துவிட்டால், அடுத்த புரட்டாசியில் அப்பா காலையில் எழுந்து எங்கே போவார்?

விற்காதே, கடனை நான் அடைக்கிறேன் என்று எழுதத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். இந்தக் கடிதத்தில் அதை எழுத முடியவில்லை. ஆனால் இதைச் செய். முதலில் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார். சித்தப்பாவோடு கூட்டுப் பட்டாவாக இருந்தால் அவரில்லாமல் மொத்தமாக விற்க முடியாது, அது நமக்கு நல்லது. வில்லங்கச் சான்று போட்டுப் பார். அது பூர்வீகச் சொத்து. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி உனக்கும் எங்களுக்குச் சமமான பங்கு இருக்கிறது. கட்டிக்கொடுத்தாகிவிட்டது, உன் கையெழுத்து சும்மா ஒரு முறைக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதே. வெற்றுத் தாளில் போடாதே. வேண்டுமானால் கண்மாய்க் கரையோரத் துண்டை மட்டும் குத்தகைக்குப் பேசச் சொல், வருடம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கு. களத்தை ஒட்டிய இரண்டு ஏக்கரில் இந்த வருடமும் விதைக்கட்டும். அண்ணன் என்மேல் கோபப்படுவான், பரவாயில்லை, என்மேல் படட்டும். உன்மேல் திருப்பாமல் பார்த்துக்கொள்.

உன் சங்கிலி கூட்டுறவு வங்கியில் எந்த மாதம் வரை இருக்கிறது என்று எழுது. வட்டியை மட்டுமாவது நான் கட்டப் பார்க்கிறேன். சின்னவளைப் பள்ளிக்கு அனுப்புகிறாயா, அல்லது அம்மாவின் காலுக்குத் துணையென்று வீட்டில் நிறுத்திவிட்டாயா? நிறுத்தாதே.

முருகேசன் தங்கை புருஷன் ஆவணியில் இங்கே வருகிறான். பதிலை அவன் கையில் கொடு. போனில் நிலப் பேச்சு வேண்டாம். மோதிரத்தைப் பற்றி அம்மா மறுபடி கேட்டால் விரல் வீக்கம் என்றே சொல்.

அன்புத் தம்பி,
செல்வம்

பி.கு.: 14-இல் இப்போது ஒன்பது நிற்கிறது, இரண்டை அங்கிளுக்குக் கொடுத்துவிட்டேன். ஆறாவது இலை விட்டிருக்கிறது. இந்தப் பருவத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வருமா, அல்லது முண்டுக்கு அது ஆகாதா என்று அப்பாவிடம் கேட்டு எழுது. விதைக்கென்று இரண்டு படி வற்றலைத் தனியாக எடுத்து வைத்தாரா என்றும் கேள்.