உள்ளே என்ன சத்தம் வரும் என்று முதலில் சொல்லுங்கள்

வடசென்னையின் மருத்துவமனைகளிலும் ஸ்கேன் மையங்களிலும் எம்.ஆர்.ஐ. அறையில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும், அந்த அறைகளின் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் காசிமேட்டுக்காரி. என் நைனாவுக்கு 63 வயது. நாற்பது வருஷமாக விசைப்படகில் இன்ஜின் பார்ப்பவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகு கடலுக்குப் போகாது. எங்கள் வீட்டில் உடம்புக்கு வருவதையெல்லாம் அந்த இரண்டு மாதத்துக்கென்று சேர்த்து வைத்துத்தான் டாக்டரிடம் போவோம். போன தடைக்காலத்தில் நைனாவுக்கு இடுப்பிலிருந்து வலது கால் பெருவிரல் வரைக்கும் மரத்துப்போக ஆரம்பித்தது. அடிமுதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொன்னார் டாக்டர். பெரிய காந்தக் குழாய்க்குள் ஆளைப் படுக்கவைத்து உடம்பின் உள்ளே படம் எடுக்கிற ஸ்கேன் அது.

முதலில் போன மையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே நடந்தது எங்கே வேண்டுமானாலும் நடக்கும் என்பதால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

பணம் கட்டினோம். ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். துணி மாற்றும்போது நைனாவின் அரைஞாண் கயிற்றில் இருந்த தாயத்தைக் கழற்றச் சொன்னார்கள். கட்டிவிட்டது என் ஆயா, நைனாவின் அம்மா. அவர் செத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. உப்புத்தண்ணீரில் ஊறி ஊறி முடிச்சு இறுகிப்போயிருந்தது. கத்தரிக்கோல் கொண்டுவந்து வெட்டினார்கள். வெட்டிய கயிற்றை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு நைனா உள்ளே போனார்.

நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மைக்கில் அவர் குரல் கேட்டது. "எடுத்து வுடு, எடுத்து வுடு" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். வெளியே வந்தபோது போட்டிருந்த பச்சை கவுன் முதுகில் ஒட்டிப்போய் இருந்தது. அவசரம் என்றால் அழுத்தச் சொல்லிக் கையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்களாம். அழுத்தினாராம். சத்தம் நிற்கவில்லையாம். பந்து வேலை செய்யவில்லையா, அந்த வரிசைப் படம் (ஒரே மூச்சில் எடுக்கிற ஒரு தொகுதிப் படங்கள்) முடியட்டும் என்று விட்டுவிட்டார்களா, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அங்கே இருந்த தம்பி இதைச் சொன்னார்: "இன்னா பெரியவரே, சின்னப் பசங்களே பேசாம படுத்துனுக்கிறாங்க. கடலுக்குப் போற ஆளுன்றீங்க, இதுக்குப் போய்..."

நைனா பதில் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. மூன்று நாள் கழித்து, கால் சரியாகிவிட்டது என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பின்கட்டுக்கு நடந்தார். மறுபடியும் அங்கே கூட்டிப்போவேனோ என்று பயந்து சொன்ன பொய் அது என்று எனக்குத் தெரிந்தது. படம் எடுக்காமலே விட்டிருந்தால் அந்தக் கால் என்ன ஆகியிருக்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நாலாம் நாள் சாயங்காலம் துறைமுகத்தில், வலை பொத்துகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவராகவே வாய் திறந்தார். "இன்ஜின் ரூம் இத்தவிட சின்னது கண்ணு. அங்க கூட பயப்படலியே நான். இன்ஜின் கத்துச்சுன்னா இன்னாத்துக்குக் கத்துதுன்னு எனக்குத் தெரியும். இது இன்னாத்துக்குக் கத்துது, எப்போ நிறுத்தும், ஒண்ணுமே தெரியலியே. கையக் கால ஆட்டாதேன்னுட்டாங்க. செத்தவன் மாதிரி படுத்துக்கினு கேட்டுனே இருக்கணுமா?"

இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது மொத்தமும் அவர் சொன்ன இந்த நாலு வார்த்தைதான். நைனாவைப் பயமுறுத்தியது குழாயின் குறுகல் மட்டுமில்லை. ஒன்றும் சொல்லாமல் உள்ளே தள்ளினார்களே, அது.

அந்தச் சத்தம் எதனால் வருகிறது என்று அதற்குப் பிறகுதான் நான் தேடிப் படித்தேன். ஆடி மாசம் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது ஸ்பீக்கர் கட்டுகிறோமே, அதே தத்துவம்தான். ஸ்பீக்கருக்குள் காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. கரண்ட் மாறி மாறிப் பாயும்போது அது அதிர்ந்து பாட்டாகிறது. எம்.ஆர்.ஐ. குழாயைச் சுற்றியும் கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. உடம்பில் எந்த இடத்திலிருந்து சிக்னல் வருகிறது என்று கண்டுபிடிக்க அவற்றில் மின்சாரத்தை வேகவேகமாக ஏற்றி இறக்குகிறார்கள். சுற்றிலும் 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா என்று (டெஸ்லா என்பது காந்த பலத்தின் அளவு) பெரிய காந்தம் இருப்பதால் சுருள்கள் உதறுகின்றன. அந்த உதறல்தான் அந்தச் சத்தம். ஒவ்வொரு வகைப் படத்துக்கும் உதறல் மாறும், அதனால் சத்தமும் மாறும். சத்தம் வந்தால் மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். படமே எடுக்காதபோதும் ஓரத்தில் சீராக ஒரு துடிப்பு கேட்கும். காந்தத்தைக் குளிர்விக்கும் ஹீலியத்தைச் சுமார் மைனஸ் 269 டிகிரியில் வைத்திருக்கிற குளிரூட்டியின் சத்தம் அது.

இதை நைனாவிடம் சொன்னேன். எக்ஸ்ரே மாதிரிக் கதிர்வீச்சு இதில் கிடையாது, கரண்ட் வைக்க மாட்டார்கள் என்றும் சொன்னேன். ஷாக் கொடுப்பார்கள் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு போனில் எம்.ஆர்.ஐ. சத்தத்தைத் தேடி எடுத்து, அவரைக் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்து, கண்மேல் துண்டு போட்டு, காதருகே ஓடவிட்டேன். முதல் நாள் இரண்டு நிமிஷம். அப்புறம் ஐந்து. ஒரு வாரத்தில் இருபது நிமிஷம். கட்டிலடியிலிருந்தே பேர் வைக்க ஆரம்பித்துவிட்டார். "இது வின்ச்சு வலைய இழுக்குது. இது நங்கூரச் சங்கிலி எறங்குது. இது பேட்டரி இறங்கிப்போன ஹாரன்." பேர் வைத்த பிறகு அவர் மூச்சு நிதானமானதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

இரண்டாவது தடவை வேறு ஓர் இடத்துக்குப் போனோம். அங்கே பணியில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பெயர் எனக்குத் தெரியாது. போன தடவை பாதியில் வெளியே வந்துவிட்டார் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னதும், "அப்படியாப்பா? இன்னிக்கி மெதுவாப் போலாம், அவசரமில்ல" என்றார் நைனாவைப் பார்த்து. பந்தை அவர் கையில் வைத்து, "இப்ப அழுத்துங்க" என்றார். மணி அடித்தது. "கேட்டுச்சா? உள்ள இருந்து அழுத்துனாலும் எனக்கு இதே மாதிரி கேக்கும். சத்தம் உடனே நிக்கலன்னா நான் ஓடி வர்றேன்னு அர்த்தம்." நைனா இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். மூன்றாவது தடவையும் அழுத்தினார். அந்தப் பெண் முகம் கோணவில்லை.

காதுக்கு என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் இடத்தில் இரண்டு துண்டுப் பஞ்சு கொடுத்தார்கள். 100 டெசிபலைத் தாண்டக்கூடிய சத்தத்துக்குப் பஞ்சு எந்த மூலைக்கு? இங்கே நுரை அடைப்பானை விரலிடுக்கில் உருட்டி உருட்டி மெலிசாக்கினார். நைனாவின் காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரிகிற வரைக்கும், அரை நிமிஷம் இருக்கும், விரலால் அழுத்திக்கொண்டே நின்றார். அதற்கு மேல் ஹெட்போன். "கால்தான் மொதல்ல உள்ள போகும், தலை வெளி வாய்க்குப் பக்கத்துலயே இருக்கும். குழாய் ரெண்டு பக்கமும் தொறந்ததுதான், காத்து வரும். கண்ண இப்பவே மூடிக்குங்க, டேபிள் நகர்றதுக்கு முன்னாடியே." முகத்தில் ஒரு துணியை மடித்துப் போட்டார்.

ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் மைக்கில் சொன்னார்: "ஐயா, இப்ப நாலு நிமிஷம், டக்டக்குன்னு வரும்." "இது மூணு நிமிஷம், கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி." "கடைசி, ரெண்டே நிமிஷம்." இருபத்தைந்து நிமிஷத்தில் வெளியே வந்தார் நைனா. வந்ததும் என்னிடம், "வின்ச்சு நாலு வாட்டி வந்துச்சு" என்றார்.

உங்கள் கஷ்டம் தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரே மெஷின், வாசல் வரை வரிசை, நடுவில் ஸ்ட்ரெச்சரில் அவசரக் கேஸ், மேலே இருந்து கணக்குக் கேட்பவர்கள். எல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஆனால் முதல் இடத்தில் நைனாவை உள்ளே வைத்து, வெளியே எடுத்து, வாக்குவாதம் முடிந்து, அடுத்தவரைக் கூப்பிட அரை மணி நேரம் ஆனது. கையில் படமும் இல்லை. இரண்டாவது இடத்தில் பேச்சுக்கு ஆன நேரம் ஐந்து நிமிஷம். வரிசை நீளம் என்பதாலேயே அந்த ஐந்து நிமிஷத்தைக் கொடுங்கள் என்கிறேன்.

அந்தப் பேச்சை ஸ்கேன் அன்றைக்கு வைக்காமல், தேதி கொடுக்கிற அன்றே வைத்தால் இன்னும் நல்லது. தண்டையார்பேட்டையில் எங்கள் சித்திக்குத் தலைக்கு ஸ்கேன் எழுதினார்கள். தாலியைக் கழற்ற வேண்டும் என்று அறை வாசலில் வைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். தாலிச் சரடில் ஏழெட்டு ஊக்கு வேறு. சித்தப்பா துறைமுகத்தில் வேலையில் இருந்தார். சித்தி அழுதுகொண்டே கழற்றி முந்தானையில் முடிந்து என்னிடம் கொடுத்தார். அந்த மனசோடுதான் முகத்துக்கு மேல் கூண்டு மாட்டிக்கொண்டு படுத்தார். முந்தின நாளே தெரிந்திருந்தால் வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் கழற்றி வைத்து, மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு வந்திருப்பார். மெட்டி, கொலுசு, மூக்குத்தி, ஹேர்பின், தாயத்து எல்லாமே அப்படித்தான். தலை ஸ்கேனுக்கு மாட்டும் கூண்டில் வெளியே பார்க்க ஒரு கண்ணாடி வைக்க முடியுமாமே? சித்திக்கு வைத்ததாகத் தெரியவில்லை. இருக்கிற இடங்களில் தயவுசெய்து வையுங்கள்.

இன்னொன்று, இது பயத்தைவிடப் பெரிய விஷயம். படிவத்தில் "கண்ணில் உலோகத் துகள் பட்டதுண்டா" என்று ஒரு கேள்வி இருக்கிறது. பல இடங்களில் ஆங்கிலத்தில் இருக்கிறது. நம்ம ஊரில் வெல்டிங், கிரைண்டிங், லேத், படகு கட்டுவது என்று இரும்புத்தூளோடு பிழைக்கிறவர்கள் எத்தனை பேர்! கண்ணில் ஒட்டியிருக்கும் துகளை அந்தக் காந்தம் இழுத்தால் கண்ணே போகலாம். கையெழுத்து மட்டும் வாங்காமல், வாய்விட்டுத் தமிழில் கேளுங்கள். இதயத்துக்கு வைத்த பேஸ்மேக்கர், உடம்புக்குள்ளே வைத்த கிளிப், பிளேட் எதையும் அப்படியே கேளுங்கள். உட்கார்ந்து கேட்கிறவரிடம்தான் "எனக்கு மூடின இடம் ஆகாது" என்பதையும் மனிதர்கள் சொல்வார்கள்.

சொன்ன பிறகு "பயப்படாதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அந்த வார்த்தையால் யாருடைய பயமும் போனதில்லை. குழாயின் வாய் பெரும்பாலும் 60 சென்டிமீட்டர், 70 சென்டிமீட்டர் என்று இரண்டு அளவில் வருகிறது. அகலமானது பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும், அங்கே அனுப்புங்கள். உலோகம் எதுவும் இல்லையென்று பார்த்துவிட்டு, முடிந்த இடங்களில் வீட்டு ஆள் ஒருவரைக் காலைப் பிடித்துக்கொண்டு நிற்க விடுங்கள், அவர் காதையும் அடைத்து. எதுவும் முடியாதவர்களுக்கு மயக்கம் கொடுத்து எடுக்கும் வழி இருக்கிறது. அதற்கு டாக்டர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும், கூட ஆள் வர வேண்டும். இதெல்லாம் தெரியாமல், எதையாவது குடித்துவிட்டோ தெரிந்தவர் கொடுத்த தூக்க மாத்திரையை விழுங்கிவிட்டோ வருகிறவர்கள் உண்டு.

இந்த மெஷினைப் பற்றிப் படித்ததில் நைனாவுக்கு மிகவும் பிடித்துப்போன ஒன்று. இதை உருவாக்கியதற்காக 2003இல் நோபல் பரிசு வாங்கிய இருவரில் ஒருவர் பீட்டர் மான்ஸ்ஃபீல்ட். 1978இல் அவருடைய ஆள் படுக்கும் அளவு மெஷின் தயாரானபோது, ஆபத்து வரலாம் என்று எச்சரித்தும், முதலில் அவரே உள்ளே போய்ப் படம் எடுத்துக்கொண்டார். "செஞ்சவனே மொதல்ல போய் வந்துட்டானா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார் நைனா. உங்களில் எத்தனை பேர் அந்த டேபிளில் படுத்து, காதை அடைத்துக்கொண்டு, ஒரு வரிசைச் சத்தம் முழுதாகக் கேட்டிருப்பீர்கள்? புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களை, நிர்வாகத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து ஒரு தடவை படுக்கவைத்துப் பாருங்கள்.

நைனாவுக்கு மாத்திரையும் பயிற்சியும் நடக்கிறது. அரைஞாணில் புதுக் கயிறு மாற்றியாகிவிட்டது. இந்தத் தடவை இறுகாதபடி சுருக்கு முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறார். ஆறு மாசம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டும். எந்த இடத்தில் தேதி கிடைக்கும் என்று தெரியாது. அன்றைக்கு அங்கே பணியில் இருக்கப்போவது உங்களில் யாரோ ஒருவர். காது கொஞ்சம் மந்தம் அவருக்கு, இன்ஜின் பக்கத்திலேயே இருந்ததால். அடைப்பான் வைப்பதற்கு முன்னாலேயே, கொஞ்சம் சத்தமாக, எத்தனை நிமிஷம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
காசிமேட்டிலிருந்து ஒரு மகள்