திருவொற்றியூர் தம்பிக்கு: கித்தார் ஆம்புக்கு எந்த மைக்?

அன்புள்ள தம்பி,

ஒரே ஒரு மைக் வாங்கத்தான் பணம் இருக்கிறது, கனமான டிஸ்டார்ஷன் கித்தாரைப் பதிவு செய்ய எதை வாங்குவது என்று கேட்டிருந்தாய். ரிப்பன் மைக் (மெல்லிய உலோகத் தகடு அசைந்து சத்தத்தைப் பிடிக்கும் வகை) மேல் உனக்கு ஒரு கண் இருப்பதும் கடிதத்தில் தெரிந்தது. கூடவே, அறை திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் என்று போகிற போக்கில் எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியைப் படித்ததுமே பாதி பதில் கிடைத்துவிட்டது.

ஷூர் கம்பெனியின் எஸ்எம்57 மைக்கை வாங்கு. ரிப்பன் இப்போதைக்கு வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். உன் கேபினட்டில் (ஸ்பீக்கர் பெட்டியில்) இருப்பது 12 அங்குல கித்தார் ஸ்பீக்கர். அது வீட்டில் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் மாதிரி கிடையாது. மெட்டல் இசையில் அதிகம் புழங்கும் செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கருக்குக் கம்பெனியே சொல்லும் எல்லை 70 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேல் சத்தம் மளமளவென்று இறங்கிவிடும். எஸ்எம்57 எடுப்பது 40 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை. அதிலும் 5,000, 6,000 ஹெர்ட்ஸ் பக்கம் அதன் வளைவு சற்று மேடேறுகிறது. ஸ்பீக்கர் சரியத் தொடங்கும் இடத்தில் மைக் தூக்கிக் கொடுக்கிறது. பிக் கம்பியில் படும் அந்த 'கிரக்' டிரம்ஸையும் பாஸையும் தாண்டிக் காதுக்கு வருவது இதனால்தான். 1965-இல் வந்த மைக்கை இன்னும் ஸ்பீக்கர் முன்னால் வைக்கிறார்கள் என்றால் அது வெறும் பழக்கதோஷம் கிடையாது.

உங்கள் பாடகரிடம் இருக்கும் பெரிய கண்டென்சர் மைக் 20,000 ஹெர்ட்ஸ் வரை எடுக்கும்தான். ஆனால் ஸ்பீக்கரில் அங்கே சங்கீதம் ஒன்றும் இல்லை. டிஸ்டார்ஷனின் 'ஸ்ஸ்ஸ்' என்ற நுரைதான் இருக்கிறது. போதாததற்குக் கீழே ஓடும் லேத்தையும் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரியின் ஹாரனையும் அது அள்ளிக்கொண்டு வந்துவிடும்.

இனி ரிப்பன். ராயர் ஆர்-121 போன்ற மைக்கின் உள்ளே இருப்பது 2.5 மைக்ரான் தடிமனுள்ள அலுமினியத் தகடு. பலமான காந்தங்களுக்கு நடுவே மயிரிழை இடைவெளி விட்டு அது தொங்குகிறது. லேத்திலிருந்து பறக்கும் இரும்புத்தூள் காற்றோடு மாடிக்கு வரும். சந்தேகமாக இருந்தால் ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி ஜன்னல் மேடையில் ஒரு இழுப்பு இழுத்துப் பார். தாளில் கறுப்பாக ஒட்டுகிறதே, அதே தூளை மைக்கின் காந்தமும் இழுக்கும். அந்த இடைவெளியில் தூள் சேர்ந்தால் ரிப்பன் அசையும்போது உரசும், கரகரக்கும், கடைசியில் கிழியும். ஊதியோ பிரஷ் போட்டோ சுத்தம் செய்ய முடியாது. ரிப்பனை மாற்றத்தான் வேண்டும். கடலோர உப்புக்காற்று வேறு இருக்கிறது.

இன்னொன்று. ஆர்-121 முன்னும் பின்னும் ஒரே அளவு கேட்கும். 10-க்கு 10 அறையில் அதன் முதுகுப் பக்கச் சுவரில் கனமான போர்வை தொங்கவிடாவிட்டால் சுவரில் மோதித் திரும்பும் சத்தமும் சேர்ந்து பதிவாகும். பிற்காலத்தில் வேறு இடத்துக்குப் போய் ரிப்பன் வாங்கினால் பேயர்டைனமிக் எம்160-ஐயும் கேட்டுப் பார். அது பின்பக்கத்தை அவ்வளவாகக் கேட்காது. ரிப்பனைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (கேபிள் வழியாக மைக்குக்குப் போகும் மின்சாரம்) அணைந்திருக்க வேண்டும். கேபிள் சரியாக இருந்தால் ஃபேன்டம் ஒன்றும் செய்யாது. பின் மாறி ஈயம் வைத்த கேபிளோ ஷார்ட்டான கேபிளோ மாட்டினால் மின்சாரம் ரிப்பனுக்குள் ஓடி அதை இழுத்துவிடும்.

எஸ்எம்57-இல் போலி நிறைய நடமாடுகிறது. அசலின் எடை 284 கிராம். அதன் உடம்புக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, பல போலிகளில் அது கிடையாது. கடைக்குப் போகும்போது பேண்டில் யாரிடமாவது இருக்கும் அசலைக் கையோடு எடுத்துப் போ. ஒரே கெயினில் (சிக்னலைப் பெருக்கும் அளவில்) இரண்டிலும் பேசிப் பார்த்தால் போலியின் குரல் பெரும்பாலும் மெலிந்து கேட்கும்.

கேபிளுக்கு ரிச்சி தெருவில் கனெக்டரும் வயரும் வாங்கி நீயே ஈயம் வைக்கலாம். கனெக்டரின் பின்கள்: 1 ஷீல்டு, 2 ஹாட், 3 கோல்டு. ஒரு முனையில் 2-ம் 3-ம் இடம் மாறினால் ஒரு மைக் மட்டும் வைக்கும்போது ஒன்றும் தெரியாது. இரண்டாவது மைக் சேரும் நாளில் கித்தாரின் அடிவயிறே காணாமல் போகும். காரணம் தெரியாமல் நாள் பூராவும் மைக்கை நகர்த்திக்கொண்டிருப்பாய்.

தனி ப்ரீஆம்ப், கெயின் பூஸ்டர் எதுவும் தேவையில்லை. கணக்கு இதுதான்: எஸ்எம்57 ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு 1.6 மில்லிவோல்ட் தரும். ஸ்பீக்கர் பக்கத்தில் 110 டெசிபெல் சத்தம் என்றால் 10 மில்லிவோல்ட் வரும். இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியில்) 30 டெசிபெல் கெயின் தாராளம். மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாமல் பார்த்துக்கொள். அந்தப் பணத்தை மைக் ஸ்டாண்டில் போடு. லேசான ஸ்டாண்டு பாட்டு நடுவிலேயே மெல்லத் தலைகுனியும். காலையில் எடுத்த ரிஃபும் (திரும்பத் திரும்ப வரும் கித்தார் துணுக்கு) மாலையில் எடுத்ததும் ஒட்டாமல் போவதற்கு இதுதான் முதல் காரணம்.

இப்போது மைக்கை எங்கே வைப்பது. மைக் எது என்பதைவிட அதிக வித்தியாசம் இங்கேதான் வரும், நிதானமாகப் படி.

ஆம்பை அணை. போன் டார்ச்சைக் கேபினட் துணிமேல் சாய்வாக அடி. துணிக்குப் பின்னால் ஸ்பீக்கர் கோனும் அதன் நடுவே குமிழ்போல டஸ்ட் கேப்பும் நிழலாகத் தெரியும். டஸ்ட் கேப் முடிந்து கோன் தொடங்கும் அந்த வட்ட விளிம்புக்கு நேராகத் துணியில் ஒரு துண்டு டேப் ஒட்டு. மைக்கை அந்த டேப்புக்கு நேராக, துணியிலிருந்து 2 அல்லது 3 சென்டிமீட்டர் தள்ளி, நேர்க்குத்தாக வை. ஆம்பை ஆன் செய்து, நீ வாசிக்கும் டோனிலேயே கித்தாரை மட்டும் மியூட் செய்துவிட்டு, ஹெட்ஃபோனில் ஆம்பின் சீறலைக் கேள். நண்பர் ஒருவர் மைக்கை நடுவை நோக்கி மெதுவாக நகர்த்தட்டும். சீறல் ஊசிபோலக் கூர்மையாகும். வெளியே நகர்த்தினால் போர்வை போட்டு மூடியது போல மங்கும். ஊசிக்கும் போர்வைக்கும் நடுவில், சீறல் காதைக் குத்தாமல் தெளிவாக இருக்கும் ஓர் இடம் உண்டு. அங்கிருந்து தொடங்கு. அந்த இடத்தின் அகலம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது.

அப்புறம் வாசித்துப் பார். பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி) அடிக்கும்போது 'தொம்' என்று வீங்குகிறதா? ஆம்பின் பாஸ் நாபைத் தொடாதே. மைக்கை 2 சென்டிமீட்டர் பின்னால் இழு. எஸ்எம்57 போல முன்பக்கத்தையே அதிகம் கேட்கும் கார்டியாய்டு மைக் சத்தத்துக்கு நெருங்க நெருங்க அடிச்சத்தம் ஏறும். வீக்கம் அதில் வருவது. மேலே இன்னும் கூசுகிறது என்றால் இடத்தை மாற்றாமல் மைக்கைக் கொஞ்சம் சாய்த்துப் பார். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். கேபினட்டில் நான்கு ஸ்பீக்கர் இருந்தால் நான்கையும் தனித்தனியாகக் கேள். ஒரே மாடலாக இருந்தாலும் ஒன்றைப் போல ஒன்று இருக்காது.

எங்கே வைத்தாலும் நுரை குறையவில்லை என்றால் குற்றம் மைக்கின் மேல் இல்லை. நீ நின்றுகொண்டு வாசிக்கிறாய், ஸ்பீக்கர் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அதன் கூர்மையான சத்தம் நேராகப் போய் எதிர்ச்சுவரில் அடிக்கிறது. உன் காதுக்கு வருவது பக்கவாட்டில் கசிவது. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் குனிந்து ஸ்பீக்கருக்கு நேராக ஒரு தடவை கேள், மைக் என்ன கேட்கிறது என்று புரியும். ஆம்பின் கெயினை மேடையில் வைப்பதைவிடக் கணிசமாகக் குறை. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று இரண்டு தடவை தனித்தனியாக வாசிக்கப் போகிறாய். டிஸ்டார்ஷன் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ஒன்றை வாசித்து மறுபக்கம் காப்பி செய்தால் அகலம் வராது, சத்தம்தான் கூடும்.

லாரி போகும்போது தரை அதிர்ந்து ஸ்டாண்டு வழியாக மைக்குக்கு ஏறும். ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் போடு. மிச்சத்தை மிக்ஸில் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடு. அடிக்கம்பியைத் தளர்த்தி டிராப் பி ட்யூனிங்குக்கு இறக்கினாலும் (அது 62 ஹெர்ட்ஸ் பக்கம்) அந்த அடித்தளம் பாஸ் கித்தாருக்குச் சொந்தம். 'ம்ம்ம்' என்று ஹம் வந்தால் ஆம்பையும் இன்டர்ஃபேஸையும் ஒரே பிளக் போர்டில், எர்த் வேலை செய்யும் சாக்கெட்டில் மாட்டிப் பார். ஹம் நிற்கட்டும் என்று எர்த் பின்னைக் கழற்றிவிட யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. ஆம்பில் மின்கசிவு இருந்தால், ஒரு கை கித்தார் கம்பியிலும் மறு கை மைக்கிலும் இருக்கும்போது 230 வோல்ட் உன் நெஞ்சு வழியாகப் போகும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

பிறகு பணம் சேர்ந்தால் இரண்டாவதாக இன்னொரு எஸ்எம்57-ஏ வாங்கு. ஸ்வீடனில் ஃப்ரெட்மன் ஸ்டூடியோவின் பேரில் வழங்கும் முறை அது: ஒரு மைக் நேராக, இன்னொன்று 45 டிகிரி சாய்வாக, இரண்டின் தலையும் ஒட்டினாற்போல. இரண்டும் ஸ்பீக்கரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். 3 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தாலே 5,800 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றையொன்று தின்றுவிடும். நமக்கு வேண்டிய கடி அங்கேதான் இருக்கிறது. ஒரு சேனலில் போலாரிட்டியை (சிக்னலின் பிளஸ், மைனஸ் திசையை) திருப்பிவிட்டு, சத்தம் எங்கே மிக மெலிந்து கேட்கிறதோ அங்கே இரண்டாவது மைக்கை நிறுத்து. போலாரிட்டியை நேராக்கினால் அதே இடத்தில் முழுச் சத்தம் கிடைக்கும்.

எஸ்எம்57-லும் காந்தம் இருக்கிறது, மறந்துவிடாதே. வேலை முடிந்ததும் ஸ்டாண்டிலேயே விட்டுப் போகாமல் ஜிப் கவரில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடும் டப்பாவில் வை. நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சூடாக்கினால் மறுபடி நீலமாகும், ஆனால் அம்மாவின் சமையல் சட்டியை எடுக்காதே, அந்த நிறமி விஷம்.

மைக் வந்ததும் ஒரே ரிஃபைப் பத்து விநாடி வீதம் மூன்று இடங்களில் எடு: டஸ்ட் கேப் நடுவில், விளிம்பில், விளிம்பிலிருந்து 4 சென்டிமீட்டர் வெளியே. மூன்றையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து, இடத்தின் பெயரையே ஃபைலுக்கு வைத்து அனுப்பு. ஆம்பின் நாப்கள் இருந்த நிலையை ஒரு போட்டோ எடுத்துச் சேர்த்துவிடு.

அன்புடன்,
அண்ணன்