பீடம் இழந்த டிட்டோ

ஐயா,

செர்பியாவின் உஷித்சே நகரில் உள்ள, பழைய யுகோஸ்லாவியாவின் கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் சிலை பற்றிய தங்கள் நாளிதழ்க் கட்டுரையைப் படித்தேன். 1941-ல் டிட்டோ தலைமையில் நாஜிப் படைகளை எதிர்த்த ‘பார்ட்டிசான்’ கெரில்லாக்கள் சில வாரங்கள் சொந்தக் குடியரசே நடத்திய ஊர் அது. 1961-ல் பார்ட்டிசான் சதுக்கத்தில் சிலையை நிறுவினார்கள். 1991-ல் இறக்கி அருங்காட்சியகத்தின் பின்புறம் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். இறக்கியது சரியா தவறா என்பது அவ்வூர்க்காரர்கள் பாடு. ஆனால் வைத்ததும் வரலாறு, அகற்றியதும் வரலாறுதானே!

நான் அங்கே போயிருந்தபோது சதுக்கத்துக் காப்பிக் கடைப் பையனுக்குச் சிலை எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. அப்புறம் பக்கத்து மேசைப் பெரியவர்தான் எழுந்து வந்து இடத்தைக் காட்டினார். சிலையைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம். நிறுவிய ஆண்டு, அகற்றிய ஆண்டு, இரண்டுக்கும் காரணம் ஆகியவற்றைச் சொல்லும் கல்வெட்டு ஒன்றை நகராட்சி அவ்விடத்தில் பதிக்கலாம்.

- வாசகர், திருச்சி