பேச்சு புரியும் சவுண்ட்பார் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

எழுபத்தெட்டு வயதான என் தந்தை, செய்தி வாசிப்பவரின் உதட்டசைவையே உற்றுப் பார்த்து, "என்ன சொல்றாங்க?" என்று மாலைதோறும் கேட்பார். குறை அவர் காதில் மட்டும் இல்லை. மெலிந்துவிட்ட இன்றைய டிவிகளில் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ அமைவதால், மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண்கள் நம்மை நேராக வந்தடைவதில்லை.

இதைச் சரிசெய்ய, டிவிக்கு முன்னால் வைக்கும் நீண்ட ஒலிபெருக்கியான சவுண்ட்பாரில் சிறியதாக ஒன்று வாங்கப் போனால், கடையில் வாட் கணக்கைத்தான் முதலில் சொல்கிறார்கள். பேச்சுத் தெளிவுக்கு அது அளவுகோல் அன்று. சவுண்ட்பாரின் ஒலித்தடங்களைக் குறிக்கும் எண்களில், 2.1 என்றால் இடம், வலம், பாஸ் (தாழ்ந்த ஒலி) மட்டுமே, 3.1 என்றால் பேச்சுக்கென நடுவில் தனி ஒலிபெருக்கியும் உண்டு என்பதை யாரும் விளக்குவதில்லை. நாங்கள் முதலில் வாங்கியது உயரமாக இருந்ததால், டிவியின் ரிமோட் சென்சாரை மறைத்து, மூன்றாம் நாளே கடைக்குத் திரும்பியது. டிவியின் கால்களுக்கு இடைப்பட்ட அகலத்தையும் உயரத்தையும் அளந்து செல்வதும், ஒரே ரிமோட்டில் ஒலியைக் கூட்டிக் குறைக்க எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை சவுண்ட்பாருக்குக் கொண்டுசெல்லும் கேபிள்) இணைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

குத்துப்பாட்டை அதிரவிட்டு விற்கும் கடைகள், முதியவர்களுக்கு ஒரு செய்தி அறிக்கையையாவது குறைந்த ஒலியில் கேட்கக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கும்பகோணம்