பூச்சி மாத்திரை பெரியவர்களுக்கும் வேண்டும்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் என்னும் பூச்சி மாத்திரையைக் கொடுக்கிறீர்கள். அன்று வராத பிள்ளைகளுக்காக இன்னொரு நாளும் ஒதுக்குகிறீர்கள். 2015இல் சில மாநிலங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுக்கப் பரவிய இந்த வேலை அருமையான வேலை. நான் இப்போது கேட்பது அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கும் தாத்தா பாட்டிக்கும்.

உருண்டைப்புழு பெரும்பாலும் சிறுவர்களைத்தான் பிடிக்கும். கொக்கிப்புழு அப்படியில்லை. ஈர மண்ணில் வெறுங்காலுடன் நடப்பவரின் தோலைத் துளைத்து நுழையும். இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, அங்கிருந்து குடலுக்கு இறங்கும். குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இரத்தம் உறிஞ்சும். வயலில் இறங்கும் பெரியவர்களிடம்தான் இது அதிகம். அவர்கள் வெட்டவெளிக்குப் போனால் முட்டைகள் மண்ணில் சேர்ந்து, சில நாட்களில் இளம்புழுக்களாகிவிடும். மாத்திரை தின்ற பிள்ளையும் அதே மண்ணில்தானே விளையாடுகிறது? மாத்திரை இன்று வயிற்றில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். அடுத்த மாதம் நுழையப் போவதைத் தடுக்காது.

20 முதல் 30 வயதுப் பெண்களையும் சேர்த்தது நல்ல முடிவு. ஆனால் 35 வயதில் நாற்று நடும் பெண்ணுக்கு, அவரோடு சேற்றில் நிற்கும் கணவருக்கு? சோர்வு, மூச்சிரைப்பு என்று வருபவருக்கு இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினால், உறிஞ்சும் புழு உள்ளேயே இருக்கும்.

ஊர் முழுக்கக் கொடுப்பது நடக்கிற காரியமா என்று கேட்க வேண்டியதில்லை. வேலூர் சி.எம்.சி.யின் டிவார்ம்3 ஆய்வில், ஜவ்வாது மலையிலும் திமிரியிலும் தேர்ந்தெடுத்த பகுதிகளில் பெரியவர்கள் உட்பட எல்லோருக்கும் ஆண்டுக்கு இருமுறை வீதம் மூன்று ஆண்டுகள் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உங்களிடமும் ஆட்கள் இருக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுபோகிறவர்கள், 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றையும் கொண்டுபோக மாட்டார்களா? கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இருப்பவர்களை விட்டுவிட வேண்டும். அதைக் கேட்டறியக் கிராம சுகாதாரச் செவிலியர் உடனிருந்தால் போதும்.

கழிப்பறையும் செருப்பும் கட்டாயம் வேண்டும், அதற்கான வேலையை நிறுத்தக் கூடாது. அப்புறம், எல்லா மாவட்டத்திலும் ஒரே நாளில் தொடங்குங்கள் என்றும் கேட்கவில்லை. முதலில் மலைக் கிராமங்களிலும் நெல் வயல் ஊர்களிலும் மலப் பரிசோதனை செய்யுங்கள். கொக்கிப்புழு அதிகமுள்ள ஊர்களில், வருகிற ஆகஸ்ட் சுற்றிலேயே பெரியவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.